ஹாப்ஸ் "கெட்டவன்"னாரு, ரூசோ "நல்லவன்"னாரு, லாக் நடுவுல: இந்த டேபிள் சரிதானா?

கேட்டவர், ஜூன் 2, சாயங்காலம் 6.15
போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அறிவொளிக் காலச் சிந்தனையாளர்கள்னு நோட்ஸ்ல மூணு கட்டம் போட்டுக் குடுத்திருக்காங்க. ஹாப்ஸ்: மனிதன் இயல்பிலேயே கெட்டவன், அதனால சர்வ அதிகாரம் உள்ள அரசு வேணும். ரூசோ: மனிதன் நல்லவன், சமூகம்தான் கெடுத்துச்சு. லாக்: நடுவுல, அதனால அளவான அரசு. இவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு முன்னூறு வருஷமா புத்தகம் புத்தகமா எழுதிட்டு இருக்காங்க?

ஜூன் 2, ராத்திரி 11.40
நானும் காலேஜ்ல இதே மூணு கட்டத்தை நெட்டுருப் போட்டு மார்க் வாங்கினவன்தான். டேபிள் முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன். ஹாப்ஸ் கட்டம் முக்கால்வாசி சரி, மனுஷன் மோசமானவன்னுதான் அவர் ஆரம்பிக்கிறார். ஆனா அந்த ஆளு பொறந்தது 1588, ஸ்பெயின் கப்பல் படை இங்கிலாந்து மேல பாய வருதுன்னு ஊரே நடுங்கிட்டு இருந்த வருஷம், அந்தப் பயத்துலயே அம்மாவுக்கு வலி வந்துச்சாம், "எங்கம்மா ரெட்டைப் புள்ள பெத்தா, ஒண்ணு நான் இன்னொண்ணு பயம்"ங்கற மாதிரி வயசான காலத்துல அவரே பாட்டா எழுதி வச்சிருக்கார். அப்பா ஒரு பாதிரியார், இன்னொரு பாதிரியாரோட கைகலப்பு ஆகி ஊரை விட்டே ஓடிட்டார். 1640ல அரசியல் சூடு தாங்காம இவரே பாரிஸ் ஓடினார். ஊர்ல ராஜா கட்சியும் பார்லிமென்ட் கட்சியும் வெட்டிக்கிட்டுச் சாகுது, 1649ல ராஜா தலையையே எடுத்துட்டாங்க, 1651ல இவரோட லெவியாதன் புத்தகம் வெளிய வருது. இப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்தவன் மனுஷனைப் பத்தி வேற என்ன எழுதுவான்.

ஜூன் 3, காலை 7.05
நேத்து எழுதுனதுல தப்பு இருக்கு. தூக்கம் வராம லெவியாதன்ல 13ஆம் அத்தியாயத்தை எடுத்துப் படிச்சேன். மனுஷன் கெட்டவன்னு ஹாப்ஸ் சொல்லவே இல்லை. ஆசையோ கோபமோ அதுங்களா பாவம் இல்லைன்னு அதே அத்தியாயத்துல பச்சையா எழுதியிருக்கார். நான்தான் நோட்ஸை நம்பி எழுதிட்டேன். ஆபீஸ் போய்ட்டு வந்து எழுதுறேன்.

ஜூன் 3, ராத்திரி 10.20
சரி. அந்த அத்தியாயத்துல ஒரு இடம் இருக்கு. நான் சொல்றதை நம்பமாட்டேங்கறியா, உன்னையே பாரு, பயணம் போனா ஆயுதம் எடுத்துக்கற, கூட ஆள் சேத்துக்கற, தூங்கப் போனா கதவைத் தாழ் போடற, வீட்டுக்குள்ளயே பெட்டியைப் பூட்டி வைக்கற, இத்தனைக்கும் நாட்டுல சட்டம் இருக்கு, அதிகாரி இருக்கான். அப்ப ஊர்க்காரனைப் பத்தி, சொந்தப் புள்ளைங்களையும் வேலைக்காரங்களையும் பத்தி நீ என்ன நெனைக்கறன்னு கேக்கறார். நான் வார்த்தையால சொல்றதை நீ செயலால சொல்ற, அவ்வளவுதான் வித்தியாசம்னு முடிக்கறார்.

இதைப் படிச்சதும் எனக்கு எங்க ஹாஸ்டல் ரூம் ஞாபகம் வந்துருச்சு. 98ல சேர்ந்தேன், ரூமுக்கு ரெண்டு பேர். அப்பா வாங்கிக் குடுத்த தகரப் பெட்டி, அதுக்கு ஒரு சின்ன பித்தளைப் பூட்டு, சாவியை அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டுத்தான் குளிக்கவே போவேன். உள்ள இருந்தது ரெண்டு சட்டை, அம்மா குடுத்த முறுக்கு, ஒரு நூறு ரூபா நோட்டு. ரூம்மேட் தங்கமான பையன், எனக்கு காய்ச்சல் வந்தப்ப மெஸ்ஸுல சண்டை போட்டு ரசம் சாதம் வாங்கிட்டு வந்தவன். அவனைத் திருடன்னு நான் ஒரு நாளும் நெனைக்கல. ஆனா நாலு வருஷமும் பூட்டினேன். ஹாப்ஸ் சொல்றது இதைத்தான். எதிர்ல இருக்கறவன் கெட்டவனா இருக்கணும்னு அவசியமே இல்லை, அவன் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, என் மனசுல என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாது, அது போதும். முந்திக்கறவன் பொழைப்பான்னு ஆளாளுக்கு நெனைச்சா நல்லவனும் முந்தத்தான் பாப்பான்.

சண்டைக்கு அவர் மூணு காரணம் சொல்றார்: போட்டி, அவநம்பிக்கை, கௌரவம். நடுவுல இருக்கறதுதான் மேட்டரே. இன்னொண்ணு, மனுஷங்க எல்லாரும் சமம்ங்கறதுதான் அவரோட ஆரம்பம், அதுவும் என்ன சமம், எவ்வளவு நோஞ்சானா இருந்தாலும் சதி பண்ணியோ கூட்டு சேந்தோ பயில்வானையும் கொல்ல முடியும்ங்கற சமம். சமத்துவத்துல ஆரம்பிச்சு சர்வாதிகாரத்துல முடிக்கற ஒரே ஆளு எனக்குத் தெரிஞ்சு இவர்தான்.

ஜூன் 4, மதியம் 1.30
லெவியாதன் முதல் பக்கத்துப் படத்தை யாராவது பெருசு பண்ணிப் பாத்திருக்கீங்களா? ஆபிரகாம் போஸ்ங்கற பிரெஞ்சுக்காரர் செதுக்கினது. மலைக்குப் பின்னால இடுப்பு வரைக்கும் ஒரு ராட்சச ராஜா, ஒரு கையில வாள், இன்னொரு கையில பிஷப் வச்சிருக்கற கோல். உடம்புல போட்டிருக்கறது கவசம்னு தோணும், கிட்டப் போனா அது பூரா மனுஷங்க, நூத்துக்கணக்குல நெருக்கியடிச்சு நிக்கறாங்க, அத்தனை பேரும் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ராஜா மூஞ்சியையே பாக்கறாங்க. கீழ ஊரு இருக்கு, வீடு, சர்ச், தெரு எல்லாம் இருக்கு, ஆள்தான் இல்லை. அங்கங்க சிப்பாய், சர்ச் பக்கத்துல பறவை மூக்கு மாதிரி முகமூடி போட்ட பிளேக் டாக்டர் ரெண்டு பேர். அவ்வளவுதான். எல்லாரும் ராஜா உடம்புக்குள்ள குடி போய்ட்டாங்க போல. லாக்டவுன் சமயத்துல இந்தப் படத்தைப் பாத்தப்ப எனக்கு முதுகு சில்லுனு ஆச்சு.

ஜூன் 4, மதியம் 1.50
விட்டுப்போச்சு. இவ்வளவு ராஜாவுக்கு சப்போர்ட் பண்ணியும் ராஜா கட்சிக்காரங்களே இவரைத் துரத்தினாங்க. ஏன்னா இவர் கணக்குப்படி யார் உன்னைக் காப்பாத்தறானோ அவனுக்குக் கட்டுப்படணும், அது ராஜாவைக் கவுத்த பார்லிமென்ட் கட்சித் தளபதி கிராம்வெல்லா இருந்தாலும் சரி. பாரிஸ்ல ஒளிஞ்சிருந்த இளவரசருக்குக் கணக்கு வாத்தியாரா இருந்தவர், புத்தகம் வந்ததும் அந்த வாசலையே மிதிக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் பிளேக் வந்து, 1666ல லண்டன் எரிஞ்சு, இதெல்லாம் நாத்திகம் பேசறவங்களாலதான்னு பார்லிமென்ட்ல ஒரு மசோதா, அதுல லெவியாதன் பேரும் இருந்துச்சு. பயத்தோட ரெட்டையாப் பொறந்த மனுஷன் 91 வயசு வரைக்கும் இருந்து கட்டில்ல செத்தார்.

ஜூன் 5, ராத்திரி 9.45
மேல ஒருத்தர் "ஹாப்ஸை விடுங்க, ஜனநாயகம் லாக்கிட்டதான் ஆரம்பிக்குது"ன்னு போட்டிருக்கார். லாக் கேக்கற கேள்வி செம கேள்விதான், ஒத்துக்கறேன். மரநாய்க்கும் நரிக்கும் பயந்து தப்பிக்க வழி பாக்கற மனுஷன் சிங்கத்துக்கிட்ட மாட்டிக்கறதைப் பாதுகாப்புன்னு நெனைப்பானா, அவ்வளவு முட்டாளா அவன்? பக்கத்து வீட்டுக்காரன் பயம்னு சொல்லி ஒருத்தன் கையில மொத்த அதிகாரத்தையும் குடுத்தா அவன்கிட்டருந்து யார் காப்பாத்துவான்னு ஹாப்ஸுக்கு (ஹாப்ஸ் பேரைச் சொல்லாமலே) ஒரு குத்து.

டேபிள்ல போட்டிருக்கற மாதிரி "நடுவுல" எல்லாம் இல்லை. லாக்கோட இயற்கை நிலையில, அதாவது அரசாங்கம்னு ஒண்ணு வரதுக்கு முன்னால இருந்த நிலையில, சட்டம் உண்டு, அறிவுக்கு எட்டற இயற்கைச் சட்டம், அடுத்தவன் உயிரு உடைமை மேல கை வைக்காதேன்னு. என்ன இல்லைன்னா ஜட்ஜ் இல்லை. என் கேஸுக்கு நானே ஜட்ஜ், உன் கேஸுக்கு நீயே ஜட்ஜ். தண்ணி மோட்டார் சண்டைல பாருங்க, ரெண்டு பேருமே யோக்கியனா இருப்பான், ரெண்டு பேருக்குமே தன் பக்கம்தான் நியாயம்னு அடிச்சுச் சொல்வான். அதுக்கு ஒரு பொது நடுவர் வேணும், அதுதான் அரசு, நடுவரே ஆட ஆரம்பிச்சா தூக்கிப் போட உரிமை உண்டு. இதை எழுதினதுக்குத் தலை போகும்ங்கறதால 1689ல பேர் போடாமதான் வெளியிட்டார், அதுக்கு முன்ன அஞ்சாறு வருஷம் ஹாலந்துல தலைமறைவு. 1704ல சாகறதுக்கு முன்ன உயில்லதான் ஆமா நான்தான் எழுதினேன்னு ஒத்துக்கிட்டார்.

ஜூன் 5, ராத்திரி 11.55
மேல எழுதிட்டு ஒரு மாதிரி இருக்கு. லாக்கைப் பத்தி நல்லதா ஒரு பாரா எழுதினா உடனே இன்னொரு பாரா எழுதியே ஆகணும். "உன் உடம்பு உனக்குச் சொந்தம், உன் உழைப்பு உனக்குச் சொந்தம்"னு எழுதின அதே ஆளு ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனில பங்கு வச்சிருந்தார். அடிமை வியாபாரம் பண்ண கம்பெனி. 1669ல அமெரிக்காவுல இருந்த கரோலைனா காலனிக்கு ஒரு அரசியல் சாசனம் தயாராச்சு, அந்த காலனி முதலாளிங்களுக்கு இவர்தான் செக்ரட்டரி, அதுல 110ஆவது ஷரத்து என்ன சொல்லுதுன்னா ஒவ்வொரு சுதந்திர மனுஷனுக்கும் அவனோட கறுப்பு அடிமை மேல முழு அதிகாரம் உண்டு. அதுல எந்த வரி லாக் எழுதினது எது முதலாளி எழுதினதுன்னு இன்னைக்கும் சண்டை போடறாங்க, அவர் கை அதுல இருந்துச்சுங்கறதுல சண்டை இல்லை.

இன்னொண்ணு இருக்கு, அது நிறைய பேருக்குத் தெரியாது. 1697ல வர்த்தக போர்டுல இருந்தப்ப ஏழைகளுக்கு என்ன பண்ணலாம்னு ஒரு அறிக்கை குடுக்கறார். மூணு வயசுக்கு மேல இருக்கற ஏழைப் புள்ளைங்களை வேலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும், கம்பளி நூல் நூக்கற மாதிரி வேலை குடுக்கணும், சாப்பாடு ரொட்டி, குளிர் ரொம்ப இருந்தா கொஞ்சம் சுடுதண்ணிக் கஞ்சி. மூணு வயசுங்க. என் பொண்ணு மூணு வயசுல ஸ்பூனைத் தலைகீழாப் புடிச்சுட்டு இருந்தா.

ஜூன் 6, காலை 8.10
"அந்தக் காலத்தை இந்தக் காலத்துக் கண்ணால பாக்கக் கூடாது" பதில் வரும்னு தெரியும், வந்துருச்சு. பாக்கலைங்க. அவர் கண்ணாலயே பாருங்கன்னுதான் சொல்றேன். உழைச்சவனுக்குத்தான் சொத்துன்னு சொன்னது அவர்தானே.

ஜூன் 7, மதியம் 3.00 (ஞாயிறு, நீளமா எழுதப் போறேன்)
ஜனங்க சம்மதிச்சு ஒப்பந்தம் போட்டுத்தான் அரசு வந்துச்சுங்கறது லாக் கணக்கு. நான் எப்பய்யா இந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டேன்னு லாக்கைக் கேட்டா, வாய் விட்டுச் சொல்லணும்னு இல்லை, ஒரு வாரம் தங்கினாலும், ஏன் ரோட்டுல நடந்து போனாலே கூட சம்மதிச்ச மாதிரிதாங்கறார். மௌனம் சம்மதம். இதை எங்க அப்பார்ட்மென்ட் அசோசியேஷன்ல கரெக்டா புடிச்சுட்டு இருக்காங்க. நான் வாடகைக்கு வந்தப்ப ஒரு பேப்பர்லயும் கையெழுத்துப் போடல. ரெண்டாம் மாசம் பால்கனில துணி காயப் போடக் கூடாதுன்னு ஒரு ரூல், அபராதம் இவ்வளவுன்னு. நான் எப்ப சார் ஒத்துக்கிட்டேன்னு கேட்டேன். "லிஃப்ட் யூஸ் பண்றீங்கள்ல?" லாக்கை ஒரு பக்கம் கூடப் படிக்காத மனுஷன் அவரு, சத்தியமா.

இதுக்கு 1748லயே ஸ்காட்லாந்து தத்துவக்காரர் ஹியூம் பதில் சொல்லிட்டார். அன்னாடங்காய்ச்சி ஒருத்தன், வேற பாஷை தெரியாது, வேற ஊர் பழக்கம் தெரியாது, அவன்கிட்ட போய் "புடிக்கலைன்னா நாட்டை விட்டுப் போயேன், போகலைன்னா சம்மதம்னு அர்த்தம்"னு சொல்றது எப்படி இருக்குன்னா, தூங்கிட்டு இருந்தவனைத் தூக்கிட்டு வந்து கப்பல்ல போட்டுட்டு, நீ கப்பல்ல இருக்கற, அதனால கேப்டன் அதிகாரத்தை ஏத்துக்கிட்டன்னு சொல்ற மாதிரி. வேணாம்னா கடல்ல குதிக்கலாம், தடையே இல்லை. ஒப்பந்தம்னு ஒண்ணு நடக்கவே இல்லை, பெரும்பாலான அரசாங்கம் படையெடுத்தோ பறிச்சோ வந்ததுதான், நாம பழக்கத்துல கட்டுப்படறோம்ங்கறார். எனக்கு ஹியூம் சொல்றதுதான் உண்மையா படுது. ஆனா உண்மையா இருக்கறதுக்கும் உதவறதுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு இல்லையே. அபராதம் கட்டச் சொல்றவன்கிட்ட "பழக்கத்துல கட்டுப்படறேன்"னு சொல்லி சண்டை போட முடியாது, "நான் சம்மதிக்கல"ன்னு சொன்னாத்தான் முடியும். (முடியல. கட்டிட்டேன்.)

ஜூன் 7, ராத்திரி 8.30
இந்த இழையை அந்த ஹாஸ்டல் ரூம்மேட்டுக்கு அனுப்பி வச்சேன், இப்ப அவன் கோயம்புத்தூர்ல இருக்கான். போன் பண்ணி சிரி சிரின்னு சிரிக்கறான். "டேய் நீ பூட்டினது எனக்குத் தெரியும்டா, அதைப் பாத்துத்தான் இவன் எதுக்கு இப்படிப் பூட்டறான், இவனே ஒரு மாதிரியோன்னு நான் பர்ஸை தலைகாணி உறைக்குள்ள வச்சுத் தூங்கினேன்"ங்கறான். நாலு வருஷம்.

ஜூன் 8, ராத்திரி 10.50
இப்ப ரூசோ. 1749ல வின்சென் கோட்டைல ஜெயில்ல இருந்த எழுத்தாள நண்பர் தித்ரோவைப் பாக்க நடந்தே போறப்ப, கையில இருந்த பத்திரிகையில திஜோன் அகாதெமி போட்டி அறிவிப்பு கண்ணுல படுது, கலையும் அறிவியலும் ஒழுக்கத்தை மேம்படுத்துச்சான்னு. மரத்தடில உக்காந்து அழுதேன், சட்டை நனைஞ்சது கூடத் தெரியலைன்னு பின்னால எழுதினார். கொஞ்சம் நாடகம்தான், ஆனா ஆளே அப்படித்தான். 1755ல வந்த சமத்துவமின்மை கட்டுரைதான் அந்தப் போட்டில பரிசு வாங்கினது.

ஜூன் 8, ராத்திரி 11.05
இல்லை, மாத்திச் சொல்லிட்டேன். பரிசு வாங்கினது முதல் கட்டுரை, 1750ல. சமத்துவமின்மை கட்டுரை அதே அகாதெமியோட அடுத்த போட்டிக்கு எழுதினது, அதுக்குப் பரிசு கிடைக்கல. நல்லதைத் தோக்கடிச்சுட்டாங்க.

ஏன் நல்லதுன்னா, "மனுஷன் நல்லவன்"னு அதுல அவர் நோட்ஸ்காரங்க சொல்ற அர்த்தத்துல சொல்லவே இல்லை. காட்டுல தனியாத் திரியற ஆதி மனுஷனுக்கு நல்லதும் தெரியாது கெட்டதும் தெரியாது, தன்னைக் காப்பாத்திக்கணும், அடுத்த உயிரு துடிச்சா மனசு தாங்காது, ரெண்டே ரெண்டு. ஹாப்ஸ் என்ன தப்பு பண்ணார்னா நகரத்துல வளந்த ஆசையையும் ஆங்காரத்தையும் எடுத்துக் காட்டு மனுஷன் மண்டைக்குள்ள வச்சுட்டார்ங்கறார். அப்ப எங்க கெட்டுச்சு? எல்லாரும் வேலி போட்டு "இது என்னுது"ன்னு சொன்னவனைத்தான் மேற்கோள் காட்டுவாங்க. எனக்குப் புடிச்ச இடம் அதுக்கப்புறம் வரது. குடிசை போட்டு ஜனங்க பக்கத்துல பக்கத்துல வாழ ஆரம்பிக்கறாங்க, சாயந்திரமானா பெரிய மரத்தடில கூடி ஆட்டம் பாட்டம். யாரும் யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணல. ஆனா ஒருத்தர் ஒருத்தரைப் பாக்க ஆரம்பிக்கறாங்க, தன்னையும் பாக்கணும்னு நெனைக்க ஆரம்பிக்கறாங்க. நல்லாப் பாடறவன், நல்லா ஆடறவ, அழகா இருக்கறவன், பேச்சுல கெட்டிக்காரன், இவங்களுக்கு மதிப்பு கூடுது. சமத்துவமின்மைக்கு முதல் படி அதுதாங்கறார். மரத்தடி டான்ஸ்! குத்து வெட்டு இல்லை, வரி இல்லை, ராஜா இல்லை. இன்னைக்கு சாயந்திரம் ஒரு கல்யாண ரிசப்ஷன் போயிருந்தேன், மேடையேறி போட்டோ எடுக்கற க்யூல நிக்கறப்ப இந்தப் பக்கம்தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு.

அப்புறம்தான் ஒப்பந்தம் வருது, அது லாக் சொன்ன ஒப்பந்தம் இல்லை. பணக்காரன் ஏழைங்களைக் கூப்பிட்டு, வாங்கப்பா சேந்து சட்டம் போடுவோம், பலவீனமானவனைக் காப்பாத்துவோம், அவனவன் பொருள் அவனவனுக்குங்கறான். ஒண்ணுமே இல்லாதவனும் ஆமா ஆமான்னு தலையாட்டறான். விடுதலைன்னு நெனைச்சு எல்லாரும் விலங்கை மாட்டிக்க ஓடினாங்கன்னு எழுதறார்.

அதாவது மூணு பேரும் மனுஷனுக்கு நடத்தைச் சான்றிதழ் குடுக்கல. ஹாப்ஸுக்குப் பயம் பக்கத்துல இருக்கறவன் மேல, லாக்குக்குப் பயம் மேல இருக்கறவன் மேல, ரூசோவுக்குப் பயம் நம்மளைப் பாக்கற கண்ணு மேல. அரசாங்கம் எதுக்குங்கற பதில் அந்தந்தப் பயத்துலருந்து வருது.

ஜூன் 9, காலை 7.40
மேல கடைசி பாரா இப்பப் படிச்சா ரொம்ப வழவழன்னு இருக்கு. ஹாப்ஸும் கௌரவத்தைப் பத்திப் பேசறார், ஒரு வார்த்தைக்கும் ஒரு சிரிப்புக்கும் கூட வெட்டிக்குவாங்கன்னு. அப்ப கண்ணு பயம் அவர்கிட்டயும் இருக்கு. நானும் ஒரு டேபிள் போட்டுட்டேன் போல.

ஜூன் 9, ராத்திரி 9.20
ரூசோவைப் பத்தி எதிர்பாத்த கேள்வி: "புள்ளைங்களை அநாதை ஆசிரமத்துல விட்டவன் குழந்தை வளர்ப்பு பத்தி எழுதலாமா?" அஞ்சு புள்ளைங்க, அஞ்சையும் பாரிஸ்ல விட்டுட்டார், அங்க பாதிக்கு மேல பொழைக்காதுன்னு அன்னைக்கே ஊருக்குத் தெரியும். சாக்கு நிறைய சொன்னார், எதுவும் சாக்கா கூட இல்லை. பெத்தவ அழுதா, அவளை யாரும் கேக்கல. பொம்பளைங்களைப் பத்தி அவர் எழுதினது இன்னும் மோசம், ஆம்பளைக்குப் புடிச்ச மாதிரி நடந்துக்கத்தான் பொண்ணை வளக்கணும்னு, அதுக்கு 1792ல பெண்ணுரிமை பேசின மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் குடுத்த அடி இன்னும் வலிக்கும். ஆனா மரத்தடிப் பக்கம் அதனால பொய்யாகாது. அந்த ஆளுக்கே அந்த வியாதி முத்தியிருந்துச்சு, ஊர் கண்ணு தன் மேலயே இருக்குன்னு கடைசி வரைக்கும் தவிச்சார். தனக்கு அடைக்கலம் குடுத்துக் கூட்டிட்டுப் போன ஹியூமே தனக்கு எதிரா சதி பண்றார்னு 1766ல ஊரைக் கூட்டினார். வியாதிக்காரன்தான் வியாதியை நல்லா விவரிப்பான்.

ஜூன் 11, மதியம் 2.15
பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் எங்கன்னு ஒருத்தர் கேக்கறார். முதல்ல, "நீ சொல்றதை ஏத்துக்கல, ஆனா சொல்ற உரிமைக்காக உயிரைக் குடுப்பேன்" வால்டேர் சொன்னதில்லை, 1906ல அவரைப் பத்தி எழுதின ஒரு இங்கிலீஷ் அம்மா போட்ட வரி, தயவுசெஞ்சு குட்மார்னிங் படத்துல போடறதை நிறுத்துங்க. அவர் நெஜமா எழுதினது இன்னும் நல்லா இருக்கும். ரூசோவோட ரெண்டாவது கட்டுரையைப் படிச்சுட்டு, இதைப் படிச்சா நாலு காலால நடக்க ஆசை வருது, ஆனா அந்தப் பழக்கம் விட்டு அறுபது வருஷம் ஆச்சேன்னு லெட்டர் போட்டார்.

மனுஷ இயல்பு பத்திப் பெரிய தத்துவம் ஒண்ணும் அவர்கிட்ட இல்லை. கேஸ் கேஸா எடுப்பார். 1762ல துலூஸ்ல ழான் கலாஸ்ங்கற துணி வியாபாரியை, சொந்த மகனைக் கொன்னான்னு சொல்லி சக்கரத்துல கட்டி உடைச்சுக் கொன்னாங்க, கத்தோலிக்க நாட்டுல புராட்டஸ்டன்ட்ங்கறது தவிர ஆதாரம் பெருசா இல்லை. மூணு வருஷம் விடாம எழுதி 1765ல குற்றமில்லைன்னு தீர்ப்பு வாங்கினார். நம்ம பக்கத்துக் கேஸ் ஒண்ணும் உண்டு. 1761ல புதுச்சேரியை இங்கிலீஷ்காரன்கிட்ட விட்டுட்டார்னு பிரெஞ்சுத் தளபதி லாலிக்கு பாரிஸ்ல 1766ல தலையை வெட்டினாங்க. வால்டேர் அதையும் விடல. தீர்ப்பு ரத்தாச்சுங்கற சேதி 1778 மே மாசம் வந்தப்ப அவரு சாகக் கெடந்தார், நாலு நாள்ல போய்ட்டார்.

ஜூன் 12, ராத்திரி 11.30
பிரெஞ்சுக்காரர் மாண்டெஸ்கியூவை எல்லாரும் "அதிகாரப் பிரிவினை, 1748" ஒரு மார்க் கேள்வியா முடிச்சுடறாங்க. அவர் போர்தோ கோர்ட்டுல ஜட்ஜா இருந்தவர், சொந்தமா திராட்சைத் தோட்டம், ஒயின் வியாபாரம். அதனாலயோ என்னவோ மனுஷன் நல்லவனா கெட்டவனாங்கற பேச்சுக்கே போகாம, அதிகாரம் கையில வந்தா எவனும் எல்லை தட்டற வரைக்கும் போய்ப் பாப்பான், அதனால அதிகாரத்தை அதிகாரம்தான் நிறுத்தணும்னு ஒரு ஏற்பாட்டைச் சொல்றார். சட்டம் போடறவன் ஒருத்தன், நடத்தறவன் ஒருத்தன், தீர்ப்பு சொல்றவன் ஒருத்தன். மனுஷங்க தேவதைங்களா இருந்தா அரசாங்கமே வேணாம்னு 1788ல அமெரிக்காவுல மேடிசன் எழுதினது இந்த வழிலதான். ஜெர்மன் தத்துவக்காரர் கான்ட் 1795ல அதுக்கும் மேல போய், பிசாசுங்க ஜனமா இருந்தாக் கூட புத்தி இருந்தா ஒரு அரசை அமைச்சுக்கலாம்ங்கறார். கேள்வி கேட்டவரே, உங்க டேபிள்ல இல்லாத நாலாவது கட்டம் இதுதான், எனக்கு இப்போதைக்கு ஒத்துப் போறதும் இதுதான்.

ஆனா ரூசோ விடமாட்டார். இங்கிலீஷ்காரன் தன்னை சுதந்திரமானவன்னு நெனைச்சுக்கறான், ஓட்டுப் போடற அன்னைக்கு மட்டும்தான் அப்படி, எலெக்ஷன் முடிஞ்சதும் அடிமைங்கறார். பிரிச்சு வச்ச மூணு பேரும் கூட்டு சேந்துட்டா? எங்க அசோசியேஷன்லயும் தலைவர், செயலர், பொருளாளர் மூணு பேரு தனித்தனிதான். மூணு பேரும் ஒரே ஃப்ளோர், ஒரே வாக்கிங்.

ஜூன் 14, காலை 6.50
கேட்டவர் "சார், பரீட்சை ஞாயித்துக்கிழமை, எதை எழுதட்டும்"னு கேட்டிருக்கார். அந்த மூணு கட்டத்தையே எழுதுங்க தம்பி, மார்க் அதுக்குத்தான். ஹாப்ஸ் கட்டத்துல "கெட்டவன்"ங்கறதுக்குப் பதிலா "ஒருத்தரையொருத்தர் நம்ப முடியாதவங்க"ன்னு போட்டா வெட்ட மாட்டாங்கன்னு நெனைக்கறேன். லாக்குக்குக் கஞ்சி மேட்டரை எழுதாதீங்க, பேப்பர் திருத்தறவங்களுக்கு எரிச்சல் வரும். எனக்குத்தான் அது இன்னும் செரிக்கல.